மிக்கேல் கலந்த சிவப்பு டீ

கேரளத்து வண்டிப்பெரியாருக்கு மேலே, ஜீப் மட்டும் ஏறக்கூடிய ஒரு எஸ்டேட்டின் தேயிலைப் பேக்டரியில், மிக்கேல் முப்பத்தொன்பது வருஷமாக ஒரே அறையில் வேலை பார்க்கிறார். பெர்மென்டிங் அறை என்பார்கள். வெயில் படாத, ஈரமான, குளிர்ந்த அறை. உருளைகளில் நசுங்கி வரும் கொழுந்தை ஓடு பதித்த தரையில் மூன்று விரல் உயரத்துக்குப் பரப்பிப் போடுவார்கள். காற்றுப் பட்டதும் அது நிறம் மாறத் தொடங்கும். பச்சை போய்ப் பழுப்பாகி, கடைசியில் விளக்கி வைத்த செம்புக் குடம் மாதிரி ஆகும். அந்த நிறம் வந்த நிமிஷத்தில் அள்ளி உலர் அடுப்புக்கு அனுப்பிவிட வேண்டும். முந்தினால் டீயில் பச்சை வாடை நிற்கும், பிந்தினால் சாறு சப்பென்று போய்விடும்.

அந்த நிமிஷத்தைச் சொல்கிறவர் மிக்கேல். சுவரில் கடிகாரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மழைநாளின் கொழுந்துக்கும் வெயில்நாளின் கொழுந்துக்கும் கடிகாரம் ஒன்றுதானே. மிக்கேல் முழங்காலிட்டு ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்துக்கொள்வார். முதலில் வெள்ளரிக்காயை நறுக்கிய வாடை வரும். அது மெல்ல அடங்கி, பழுத்த ஆப்பிளின் மணம் எழும்பும். அந்த மணம் கிளம்பியதும் கையை உயர்த்துவார். பேக்டரி அதிகாரியான டீ மேக்கர்கள் ஏழு பேர் அவர் காலத்தில் வந்து போனார்கள். ஏழு பேரும் அந்தக் கைக்காகக் காத்திருந்தார்கள்.

அவர் மனைவி செபமாலையம்மாள் அதே எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து கிள்ளியவள். அவள் கிள்ளியதை அவர் மோந்து பார்த்தார் என்று லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேலி பேசுவார்கள். அவளுக்குக் காலையில் பாலில்லாத ஒரு கட்டன், கொழுந்து நிறுக்கும் இடத்தில் தூக்குச்சட்டியிலிருந்து ஒன்று, மத்தியானக் கஞ்சியோடு ஒன்று, சாயங்காலம் வீடு வந்ததும் இரண்டு. பால் கலந்தால் அவளுக்குப் பிடிக்காது. நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும், அப்போதுதான் டீ என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. புற்று என்று, அறுவை செய்து அந்த மார்பையே எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது ஊசியோடு அவளுக்கு எல்லா வாசனையும் திரிந்துபோயிற்று. சோறு கொதிக்கும் வாடையைப் பொறுத்துக்கொண்டாள். மீன் வாடையையும் எப்படியோ தாங்கினாள். டீயை மட்டும் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் கட்டன் கொதித்தால்கூட எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஊசிகள் முடிந்து, தினம் ஒரு ஹார்மோன் மாத்திரை என்று ஆன பிறகும் அது மாறவில்லை.

மிக்கேலின் சட்டை, தலைமுடி, நகக்கண் எல்லாவற்றிலும் டீ. ஒருநாள் சாயங்காலம் அவர் உள்ளே நுழைந்ததும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவர் பேக்டரிக்குப் பின்னாலிருந்த குழாயில் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். மலை மழையில், டிசம்பர் குளிரில், தவறாமல் குளித்தார். சோப்புப் போட்டும் போகாததைப் போக்க எலுமிச்சைத் தோலை விரல்களில் தேய்த்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகள், அஞ்சு. இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் வேலை. அவள் பொறுப்பில் இருந்த தென்னாப்பிரிக்கக் கிழவி ஒருத்தி காலையிலிருந்து ராத்திரி வரை சிவப்பாக ஒரு டீயையே குடித்துக்கொண்டிருப்பாளாம். ரூயிபோஸ் என்று பேர். அஞ்சு ஒருநாள் அதைக் குடித்துப் பார்த்தாள். டீயாகவும் இருந்தது, டீ வாடையும் இல்லை. அம்மா ஞாபகம் வந்தது. குமுளிக்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போது அவர் கையில் ஆறு பாக்கெட்டைக் கொடுத்துவிட்டாள்.

பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுத்தது ஜீப் ஓட்டும் சிஜு. லயத்தில் யாருக்கு ஆஸ்பத்திரி, யாருக்கு ரயில் என்றாலும் அவன் ஜீப்தான். ஒரு பாக்கெட்டை அவனே பிரித்து, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தான்.

"மிக்கேலண்ணே, இது வெளக்கமாத்துக் குச்சிய நறுக்குன மாதிரில்லா இருக்கு. நம்ம பேக்டரில கூட்டிப் பெருக்குனா இதவிட நல்ல தூசி வருமே. காசு குடுத்தா வாங்குறாங்க சீமயில?"

மிக்கேல் அதை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். வைக்கோல் மாதிரி ஒரு மணம், அதன் அடியில் தேன். அவருக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. இந்த இலையையும் யாரோ நசுக்கி, குவித்து, காற்றுப் பட வைத்து, நிறம் திரும்பும்வரை காத்திருந்திருக்கிறார்கள். கடல் தாண்டி எங்கேயோ ஒருவன் குனிந்து மோந்து, போதும் என்று கையை உயர்த்தியிருக்கிறான்.

முதல் தடவை பேக்டரி முறைப்படியே போட்டார். வெள்ளைக் கோப்பை, கொதிக்கும் தண்ணீர், ஐந்து நிமிஷம். ஒரு வாய் உறிஞ்சி நாக்கில் உருட்டினார். எங்கேயும் பிடிக்கவில்லை. ஈறில் இல்லை, கன்னத்தின் உட்புறத்திலும் இல்லை. பல்லில்லாத டீ என்று நினைத்தார். மிச்சத்தை மறந்துபோய் அரைமணி நேரம் கழித்து வந்து குடித்துப் பார்த்தபோதுதான் ஆச்சரியம். அவர் டீயை அத்தனை நேரம் ஊறவிட்டால் துவர்ப்பு ஏறி வாயில் வைக்க முடியாது. இது நிறம் மட்டும் ஏறி, இன்னும் கொஞ்சம் இனித்திருந்தது. துவர்ப்பு டானின் தருவது என்று பழைய டீ மேக்கர் ஒருவர் சொல்லியிருந்தார். இதில் அது பேருக்குத்தான் இருக்கிறது போலும் என்று முடிவுகட்டி, பிறகு பாத்திரத்திலேயே பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கினார்.

செபமாலையம்மாள் கோப்பையை வாங்கி, பயந்துகொண்டே முகத்தருகே கொண்டுபோனாள். காத்திருந்தாள். வயிறு புரளவில்லை. ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மீதியையும் குடித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் சூடாக எதையோ மெதுவாகக் குடிப்பதை மிக்கேல் அன்றைக்குத்தான் பார்த்தார்.

அதற்கப்புறம் ஒரு நாளைக்கு ஏழு, எட்டுக் கோப்பை ஆயிற்று. அதோடு இரண்டு இட்லி இறங்கியது, சில நாள் மரவள்ளிக்கிழங்கும் இறங்கியது. குமட்டல் வரும் நாளில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடித்தாள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் பேசக்கூடச் செய்தாள். மிக்கேல் குழாயடியில் குளித்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்காருவார். அவருக்கு அது பெருநாள் மாதிரி இருந்தது.

ஜூன் மாதம், மழை பிடித்த பிறகு, வழக்கமான பரிசோதனைக்கு மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குட்டிக்கானம் வளைவுகளைத் தாண்டி, மூன்று மணி நேரம். ரத்தத்தில் ஈரல் சம்பந்தமான எண்கள் ஏறியிருந்தன. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். அதில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. செபமாலையம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, நாட்டு மருந்து, கஷாயம், வேர், இலை என்று ஏதாவது சாப்பிடுகிறாளா என்று டாக்டரம்மா கேட்டார். மிக்கேல் சிவப்பு டீயைச் சொன்னார். டாக்டரம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, நான்கு வாரத்துக்கு அதை நிறுத்திப் பார்க்கலாம், பிறகு மறுபடியும் ரத்தம் எடுக்கலாம், விவரமெல்லாம் மருந்துப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

மருந்துப் பிரிவில் கௌசிகா என்ற பெண் இருந்தாள். பாலக்காட்டுக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைக்காரி. இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். நோயாளிகள் தின்னும் மாத்திரைகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. மிக்கேலின் தமிழைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுவிட்டாள். மடித்து வைத்திருந்த காலிப் பாக்கெட்டை அவர் நீட்ட, அதை வாங்கிப் படித்து, கணினியில் வெகுநேரம் தேடினாள்.

அவள் சொன்னதை மிக்கேல் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். இது தேயிலைச் செடியே இல்லையாம். அவரைக்கும் துவரைக்கும் சொந்தமான ஒரு புதர். தென்னாப்பிரிக்காவில் சில மலைகளில்தான் விளையும். தூக்கத்தைக் கெடுக்கும் கஃபீன் இதில் இல்லை. டானின் கொஞ்சம்தான், அதனால் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச் சத்தை நம் டீ அளவுக்குத் தடுக்காது என்கிறார்கள். அஸ்பலதின் என்று ஒரு பொருள் இருக்கிறது, இந்தச் செடியின் தனிச் சொத்து. பாக்கெட்டின் மேலே பெருமையாக எழுதியிருப்பது அதை வைத்துத்தான். ஆனால் பச்சை இலையைச் சிவக்க வைக்கும்போதே அதில் பெரும்பகுதி காற்றோடு சேர்ந்து வேறாகிப் போய்விடுகிறது.

அது மிக்கேலுக்கு உடனே புரிந்தது. செம்பு நிறம் வர வேண்டுமென்றால் பச்சையிலிருந்து ஏதோ ஒன்று செத்துத்தான் ஆக வேண்டும்.

"குடிச்சா நல்லதாம்மா, கெட்டதா?" என்று கேட்டார்.

கௌசிகா திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள். "யாருக்கும் முழுசாத் தெரியாதுங்க ஐயா. சோதனைக் குழாய்ல நல்லா வேல செய்யுதுங்க. செடிக்குள்ள இருக்கறது வேற, கப்புக்கு வர்றது வேற, ஒடம்புக்குள்ள போய்ச் சேர்றது வேறங்க. மனுசங்ககிட்டப் பண்ணுன ஆராய்ச்சியெல்லாம் ரொம்பச் சின்னதுங்க. நாப்பது பேரு, ஆறு வாரம் குடிச்சாங்க, ரத்தத்துல கொழுப்பு கொஞ்சம் சீராச்சு, அவ்வளவுதானுங்க."

"ஈரலு?"

"ஒண்ணு ரெண்டு பேத்துக்கு எண்ணு ஏறியிருக்குதுன்னு எழுதியிருக்காங்க. வேற எலையெல்லாமுஞ் சேத்துக் குடிச்சவங்களும் அதுல உண்டுங்க. நிறுத்துனதும் எறங்கிருச்சாமா."

அதோடு இன்னொன்றும் சொன்னாள். பெண்ணுடம்பின் ஹார்மோனைப் போல மிக லேசாக நடிக்கும் குணம் இதற்கு இருக்கலாம் என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்கு வந்தது அந்த ஹார்மோனைத் தின்று வளரும் வகை. கோப்பை டீயில் அது எவ்வளவு என்று யாரும் அளக்கவில்லை. எட்டுக் கோப்பை என்பதுதான் தனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

மிக்கேலின் மனதில் ஒரே வார்த்தைதான் நின்றது. நிறுத்தினால் இறங்கும். திரும்பி வரும்போது ஜீப்பில் மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நோய் திரும்பவில்லை, டீதான் காரணம். டீ என்றால் தன்னால் சமாளிக்கக்கூடிய விஷயம்.

ஆனால் வீட்டுக்கு வந்து, செபமாலையம்மாள் சேலை மாற்றிக்கொண்டு, களைப்பாக உட்கார்ந்து, "ஒரு வாய் அஞ்சு டீ போடுங்க" என்றபோது அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு மார்பை எடுத்தார்கள். முடி போயிற்று, சாப்பாட்டு ருசி போயிற்று, கொழுந்துக் காடும் போயிற்று. இதையும் எடுத்துக்கொள் என்று எப்படிச் சொல்வது? நான்கு வாரம்தானே என்று நினைத்தார்.

அடுப்படியில் பதிமுகம் இருந்தது. மலையாள நாட்டில் எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கும் மரச்சீவல்தான். தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் இளஞ்சிவப்பாகும். ஓட்டலில் கேட்காமலே கொண்டுவந்து வைப்பார்கள். அதை யாரும் மருந்து என்றோ மூலிகை என்றோ நினைப்பதில்லை. அது குடிதண்ணீர். டாக்டரம்மா இலை, வேர் என்று கேட்டபோது மிக்கேலுக்கு அது நினைவுக்கே வரவில்லை, அவர் இடத்தில் எஸ்டேட்டின் எந்த ஆள் இருந்தாலும் வந்திருக்காது.

பேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. போன மாதம் வாங்கியவனுக்கு இந்த மாதமும் அதே ருசி வர வேண்டும் என்பதற்காகப் பழைய மாதிரியை ஒரு டப்பாவில் வைத்திருப்பார்கள். புதுச் சரக்கைப் பக்கத்தில் ஊற்றி, நிறமும் ருசியும் பழையதோடு ஒட்டும்வரை கலப்பார்கள். மிக்கேல் ரூயிபோஸைக் கொஞ்சம் கொதிக்கவைத்து ஒரு கோப்பையில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தார். பக்கத்துக் கோப்பையில் பதிமுகத் தண்ணீர். நிறம் ரோஜாவாக இருந்தது. கருப்பட்டியைக் கரண்டியில் போட்டுக் கருக விட்டுக் கரைத்ததும் செம்புக்கு வந்தது. வைக்கோல் மணத்துக்கு அரிசியை வறுத்துப் போட்டார். தேனின் அடிமணத்துக்கு ஏலக்காய்த் தோல், விதை இல்லாமல் தோல் மட்டும். ஒன்பதாவது தடவையில் அவர் நாக்கே கொஞ்சம் தடுமாறியது.

அவள் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டாள். எப்போதும் போலத்தான் என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டு மீதியைக் குடித்தாள்.

அந்த நான்கு வாரமும் மிக்கேல் தினமும் அதிகாலையில் எழுந்து அரிசி வறுத்தார். மீதி இருந்த இரண்டு பாக்கெட்டையும் துணியில் சுற்றி, ஜெபமாலை வைக்கும் பெட்டியின் அடியில் ஒளித்தார். அஞ்சு போன் செய்து, டீ தீர்ந்துவிட்டதா, இன்னும் அனுப்பவா என்று கேட்பாள். இருக்கிறது என்பார் மிக்கேல். மகளிடம் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

செபமாலையம்மாள் இளைத்துக்கொண்டு வந்தாள். எட்டுக் கோப்பை ஐந்தாயிற்று, பிறகு மூன்று. இட்லி ஒன்றாயிற்று. தன் கலவையில்தான் ஏதோ குறை என்று மிக்கேல் கருப்பட்டியைக் கூட்டினார், ஏலத்தோலைக் குறைத்தார். சாயங்காலம் அவர் கூப்பிட்டாலும் அவள் வாசலுக்கு வருவதில்லை.

நான்கு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் எண்கள் முன்னைவிட இரண்டு மடங்கு ஏறியிருந்தன. இந்தத் தடவை வேறு பெரிய ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். செபமாலையம்மாளை உள்ளே அழைத்துக்கொண்டு போன பிறகு மிக்கேல் நேராக மருந்துப் பிரிவுக்குப் போனார். கௌசிகாவின் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பதிமுகம், கருகிய கருப்பட்டி, வறுத்த அரிசி, ஏலத்தோல், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை, எத்தனை நாள்.

"டீய நிறுத்திட்டேன்மா. ஆனா இதக் குடுத்துட்டேன். தண்ணிதானன்னு நெனச்சேன். இதுனாலதான் ஏறியிருக்கும், இல்ல? இதையும் நிறுத்திட்டா எறங்கிரும்ல?"

கௌசிகா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

"ஏம்மா, மரந்தான அது. மரத்துல என்னவெல்லாமோ இருக்கும். நீ தேடிப் பாரு. எழுதியிருப்பாங்க."

அவள் தேடினாள். தேடுவதுபோல் நடித்தாளோ என்னவோ, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொல்வார், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். உங்கள் தவறுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அந்த மனிதர் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த வார்த்தையை அவளால் கொடுக்க முடியவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். ஈரலில் நோய் இருந்தது. ஒரு இடத்தில் அல்ல. முதல் ஸ்கேனுக்குத் தெரியாத அளவில் அப்போதே இருந்திருக்கும். டீயும் காரணமில்லை, பதிமுகமும் காரணமில்லை. இன்னும் கடுமையான மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் இந்த உடம்பு தாங்குமா என்று தனக்கே சந்தேகம் என்றார். மிக்கேல் எவ்வளவு காலம் என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னார். அம்மாவிடம் நான் பேசட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றார் மிக்கேல்.

கதவருகே வந்தவர் திரும்பி, அந்த டீயைக் கொடுக்கலாமா என்று கேட்டார்.

"பிடிச்சது எது வேணும்னாலும் கொடுங்க. இனிமே ஒண்ணையும் விலக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. கனிவாகத்தான் சொன்னார்.

ஜீப்பில் வரும்போது செபமாலையம்மாள் எண் இறங்கியதா என்று கேட்டாள். கொஞ்சம் பார்க்கணுமாம் என்றார். அவர் குரலைக் கேட்ட சிஜு கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, வளைவுகளில் ஜீப்பை மெதுவாக ஓட்டினான்.

மறுநாள் மிக்கேல் வேலைக்குப் போகவில்லை. காலையில் வழக்கம்போல அரிசியை வறுத்துக் கலவையைக் கொடுத்தார். அரைக் கோப்பை குடித்துவிட்டு அவள் படுத்துக்கொண்டாள். மத்தியானக் கஞ்சியை மூன்று கரண்டிக்கு மேல் தொடவில்லை. வெளியே மழை ஓயாமல் பெய்தது.

நாலு மணிக்கு அவர் அடுப்படியில் நின்றார். பெட்டியின் அடியிலிருந்து பாக்கெட் வந்து மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் பதிமுக டப்பா. இது அவளுக்குப் பிடித்தது, இதை இனிக் கொடுக்கலாம். கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஏன் திரும்பக் கொடுக்கிறார்கள் என்று யோசிக்கத் தெரியாதவளா அவள்? பதிமுகத்தையே தொடர்ந்தால் இன்னும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும். அந்தக் கொஞ்ச நாளும் அவள் வாய்க்குப் பிடிக்காத தண்ணீரைக் குடித்துக்கொண்டே போய்விடுவாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை அவர் சரியான நிமிஷத்தில் கையை உயர்த்தியிருக்கிறார். இப்போது கையைப் பாக்கெட்டின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அதைப் பிரித்து, ஒரு கரண்டி அள்ளிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டார்.

மணம் அறைக்குள் போயிருக்க வேண்டும். அவர் கோப்பையோடு வந்தபோது அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோப்பையை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

"இது அஞ்சு அனுப்புனதுல்லா" என்றாள்.

"ஆமா."

"குடிக்கலாம்னுட்டாங்களா?"

"பிடிச்சதக் குடுங்கன்னாங்க."

அவள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி முகத்தில் பட்டது. "அப்ப இனி எறங்காது" என்றாள்.

மிக்கேல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள்தான் பேசினாள். டீயை மாற்றியது எலுமிச்சம்பழம் பிழிந்த அன்றே தெரியும், ஆஸ்பத்திரியில்தான் நிறுத்தச் சொல்லியிருப்பார்கள் என்றும் தெரியும் என்றாள். அவர் ஷிப்டுக்குப் போயிருந்தார், இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ. குமட்டியது, அரைப் பழத்தைப் பிழிந்தாள். சிவப்பெல்லாம் ஓடி, கோப்பை மஞ்சளாகப் போயிற்று. அஞ்சு டீ என்றால் பழம் பிழிந்தாலும் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அந்த மாதிரி மஞ்சளாக மாறுவது பதிமுகம்.

"முப்பது வருசம் கொழுந்து கிள்ளுனவகிட்ட மரத்தூளக் காச்சிக் குடுக்குறீங்க" என்றாள். சிரித்ததுபோல் இருந்தது. "சொல்லத்தான் வந்தேன். வெள்ளனயே எந்திரிச்சு அரிசி வறுக்கீங்க. ஒரு நாளைக்கு ஒரு ருசி. எப்படிச் சொல்ல?"

"பிடிக்காமலா குடிச்ச?"

"நீங்க பாத்துக்கிட்டே நிப்பீங்கள்ல."

அவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய். கோப்பை பாதியானதும் கேட்டாள்.

"எத்தன மாசம்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சொல்லுங்க."

மிக்கேல் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் கையிலிருந்த கோப்பையையே பார்த்தார். அவள் விரல்களில் ஏதோ எண்ணினாள். பிறகு போனை எடுத்துத் தரச் சொன்னாள். அஞ்சுவுக்கு இப்போது பகல்தானே, அவர் பேச வேண்டாம், அழுதுவிடுவார், தானே பேசிக்கொள்கிறேன் என்றாள்.

அஞ்சு உடனே எடுத்தாள். சாப்பிட்டியா என்று அம்மா கேட்டாள். குளிரா என்று கேட்டாள். அந்தக் கிழவி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். போன் சத்தம் பெரிதாக இருந்ததால் மகள் பேசுவதெல்லாம் மிக்கேலுக்கும் கேட்டது. டீ இருக்கிறதா அம்மா, அடுத்த வாரம் ஒருத்தர் வருகிறார், அனுப்பவா என்றாள் அஞ்சு.

"அனுப்பாத" என்றாள் செபமாலையம்மாள். "நீயே எடுத்துட்டு வா."

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்தப்படும் ஒலி கேட்டது, அஞ்சு வேலையிடத்திலிருந்து வெளியே போயிருப்பாள். பிறகு மெல்லக் கேட்டாள், எப்ப வரணும்மா என்று.

செபமாலையம்மாள் ஜன்னலைப் பார்த்தாள். மலைக்குப் பின்னால் இன்னும் கருத்துக்கொண்டிருந்தது.

"மழ விடுறதுக்குள்ள வந்துரு" என்றாள்.